இரவல் வாங்கிய விஆர் ஹெட்செட்: எடுத்து வருவது முதல் திருப்பிக் கொடுப்பது வரை

தெரிந்தவர்களிடம் ஒரு வாரம், பத்து நாள் என்று கேட்டு வாங்கி வரும் விஆர் (விர்ச்சுவல் ரியாலிட்டி) ஹெட்செட், அதாவது முகத்தில் மாட்டிக்கொண்டு ஆட்டத்துக்குள்ளேயே நிற்பது போலப் பார்க்கும் கருவி, பெரும்பாலும் மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் வகையாகத்தான் இருக்கும். 2020 அக்டோபரில் வந்த குவெஸ்ட் 2, 2023 அக்டோபரில் வந்த குவெஸ்ட் 3, அதற்கடுத்த அக்டோபரில் விலை குறைத்து விட்ட 3எஸ் ஆகிய மூன்றில் ஒன்று. மூன்றுக்கும் கம்ப்யூட்டர் வேண்டாம். வைஃபையும் கொஞ்சம் காலி இடமும் போதும். கீழே சொல்வதெல்லாம் இந்த மூன்றுக்கும்தான். ஒவ்வொரு அப்டேட்டிலும் மெனுவின் இடம் மாறும் என்பதால், ‘மூன்றாவது வரியை அழுத்துங்கள்’ என்பது போல எழுதவில்லை. பெயரைத் தெரிந்துகொண்டால் செட்டிங்ஸுக்குள் தேடி எடுத்துவிடலாம்.

ஒருவருடைய போனையே இரவல் வாங்குகிறோம் என்று நினைத்துக்கொள்வது நல்லது. உள்ளே அவருடைய மெட்டா கணக்கு இருக்கிறது, ஆட்டங்களில் அவர் எட்டிய கட்டங்கள் இருக்கின்றன, பல நேரம் அவருடைய கிரெடிட் கார்டும் அதில் கோத்திருக்கிறது. இதை மறந்தால்தான் சங்கடம் வரும்.

வாங்கும்போதே முடிக்க வேண்டியவை

ஹெட்செட்டை அவர் வீட்டிலேயே ஒருமுறை போட்டு, அவர் பக்கத்தில் இருக்கும்போதே இயக்கிப் பாருங்கள். திறப்பதற்குப் பேட்டர்ன் வைத்திருக்கிறாரா என்று அப்போது தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகு இரவு பதினொரு மணிக்கு அந்தப் பேட்டர்னைப் போனில் கேட்டு, ‘மேலே இருந்து கீழே, அப்புறம் வலது பக்கம்’ என்று அவர் சொல்லச் சொல்லக் காற்றில் கோடு போடுவது சுலபமில்லை.

அடுத்தது பணம். ஹெட்செட்டுக்குள் இருக்கும் ஆப் கடையில் ஓர் ஆட்டத்தைப் பார்த்து, விலை எழுதிய பட்டனைக் கை தவறி அழுத்தினால் பணம் அவர் கார்டில் இருந்து போகும். எதை வாங்கினாலும் முதலில் ரகசிய எண் (PIN) கேட்கும்படி பேமென்ட் பகுதியில் வைத்துத் தரச் சொல்லுங்கள். வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் பெரும்பாலான ஆப்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அதை அவர்தான் விண்ணப்பித்து வாங்க வேண்டும். அந்த வேலையை அவருக்கு வைக்காமல் இருப்பதே மரியாதை.

ஒருநாள் விளையாட்டுக்கு என்றால் அவர் கணக்கிலேயே இருந்துவிடலாம். ஒரு வாரத்துக்கு மேல் என்றால் உங்களுக்குத் தனிக் கணக்கு சேர்த்துத் தரச் சொல்லுங்கள். குவெஸ்டில் உரிமையாளரின் கணக்கு அட்மின். அதோடு இன்னும் மூன்று கணக்குகள் வரை சேர்க்கலாம். உங்களுக்கென்று ஒரு மெட்டா கணக்கு வேண்டும். ஃபேஸ்புக் கணக்கு இருந்தே ஆக வேண்டும் என்ற பழைய கட்டாயம் 2022இல் நீங்கிவிட்டது. மின்னஞ்சல் முகவரி ஒன்றே போதும். அவர் வாங்கிய ஆப்களை நீங்களும் திறக்க, அவர் தம் கணக்கில் ஆப் ஷேரிங்கை இயக்க வேண்டும். அட்மின் வாங்கியதைத்தான் இப்படிப் பகிர முடியும். நீங்கள் வாங்கினால் அது உங்கள் கணக்கோடு நிற்கும். ஹெட்செட் கைவிட்டுப் போன பிறகு அந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரவல் நாளில் காசு போட்டு எதையும் வாங்காதீர்கள்.

தனிக் கணக்கின் பெரிய லாபம், ஆட்டச் சேமிப்பு தனித்தனியாக நிற்பது. உங்கள் வீட்டுப் பொடியன் ‘நியூ கேம்’ அழுத்தி, அவர் நாற்பது மணி நேரம் ஆடியதை அழித்துவிட்டான் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்: ஃபேக்டரி ரீசெட். ‘எதுவும் சரியாக வரவில்லையா, ரீசெட் அடித்துவிடு’ என்று யாராவது சொல்வார்கள். பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் வரும் மெனுவில் அது இருக்கிறது. இறக்கிய ஆப்கள், கணக்குகள், கிளவுடுக்குப் போகாத சேமிப்புகள் என்று எல்லாம் துடைத்துப் போய்விடும். சொந்தப் பொருளில் செய்யலாம். இரவல் பொருளில் கூடாது.

பிறகு சாமான்களை எண்ணுங்கள். ஹெட்செட், கையில் பிடித்து ஆடும் இரண்டு கன்ட்ரோலர், அவற்றின் மணிக்கட்டுக் கயிறுகள், சார்ஜர், யூஎஸ்பி-சி கேபிள், கண்ணாடி ஸ்பேசர். இந்த ஸ்பேசர் முகத்தில் படும் பஞ்சுக்கும் லென்ஸுக்கும் நடுவே வைக்கும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் வளையம். உங்களில் யாராவது கண்ணாடி போடுபவர் என்றால் இதைக் கேட்டு வாங்காமல் கிளம்பாதீர்கள். குவெஸ்ட் 3க்கு மட்டும் இது தேவையில்லை. முகப்பஞ்சின் உள்பக்கம் இரு ஓரத்திலும் இருக்கும் பட்டன்களை அழுத்தி இழுத்தால் நான்கு படிகளில் இடைவெளி கூடும்.

அமெரிக்காவில் இருந்து வந்த செட் என்றால் சார்ஜரின் தட்டை முள் நம் ஊர்ப் பிளக்கில் ஏறாது. சார்ஜர் மேல் பொடி எழுத்தில் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால், எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் சாதாரண கன்வர்ட்டர் பிளக் போதும். ஸ்டெப்-டவுன் பெட்டியெல்லாம் வேண்டாம். நல்ல போன் சார்ஜரிலும் ஏறும், கொஞ்சம் மெதுவாக.

கன்ட்ரோலருக்கு ஒன்றுக்கு ஒரு டபுள் ஏ பென்சில் செல். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவான கார்பன் செல் வேண்டாம், ஆல்கலைன் வாங்குங்கள். ரீசார்ஜபிள் செல்லும் ஓடும். அதன் அழுத்தம் 1.5க்குப் பதில் 1.2 வோல்ட் என்பதால் திரையில் சார்ஜ் குறைவாகக் காட்டலாம். அதற்காகப் பயந்து மாற்ற வேண்டியதில்லை.

வெயில்: முதல் எதிரி

ஹெட்செட்டைக் கீழே போட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். லென்ஸில் நேர் வெயில் பட்டால் பிழைக்காது. பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரிப்போமே, அதே கதைதான். உள்ளே இருக்கும் லென்ஸ் சூரிய ஒளியைக் குவித்துப் பின்னால் இருக்கும் திரையில் புள்ளியாகப் போடும். சில விநாடிகள் போதும். அந்த இடம் மஞ்சளாகவோ வெளுத்தோ நிரந்தரமாக நின்றுவிடும். துடைத்தாலும் போகாது, அப்டேட்டாலும் போகாது. திரையையே மாற்ற வேண்டும்.

ஆகையால் ஜன்னலோர மேசையில் லென்ஸ் மேல்நோக்கி இருக்கும்படி வைக்காதீர்கள். காலையில் அங்கே நிழலாக இருக்கும். மதியம் மூன்று மணிக்கு மேற்கு வெயில் நேராக இறங்கும். மொட்டை மாடியில் ஆடலாமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பைக்கில் கொண்டுவரும்போது திறந்த கட்டைப்பையில் போட்டு ஹேண்டிலில் மாட்டக் கூடாது. லென்ஸ் மேல் கருப்புத் துணி ஒன்றை மடித்து வைத்து, மூடிய பையில் கொண்டு வாருங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவதும் இதே பட்டியலில் சேரும். அங்கே பேட்டரியும் கெடும்.

அறையைத் தயார் செய்தல்

நடந்து ஆடும் ஆட்டங்களுக்கு 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடம் வேண்டும், அதாவது ஆறரை அடிக்கு ஆறரை அடி. அவ்வளவு இல்லையென்றால் நின்ற இடத்திலோ உட்கார்ந்தோ ஆடும் ஸ்டேஷனரி முறையைத் தேர்ந்தெடுங்கள். உங்களைச் சுற்றி ஒரு சிறு வட்டம் போட்டுக்கொள்ளும்.

அளக்கும்போது எல்லோரும் தரையைத்தான் அளக்கிறார்கள். தலைக்கு மேலேயும் பாருங்கள். ஐந்தரை அடி ஆள் கையைத் தூக்கினால் ஏழடிக்கு வந்துவிடும். கையில் கன்ட்ரோலர் வேறு. கூரை தாழ்ந்த வீட்டில் மின்விசிறியின் இறக்கை எட்டடியில்தான் சுற்றும். ஒரு குதி குதித்தால் போயிற்று. நீங்கள் ஆடும் இடத்தைச் சுற்றி ஹெட்செட் காட்டும் எல்லைக்கோடு பக்கவாட்டில்தான் எச்சரிக்கும், விசிறியைப் பற்றி அதற்குத் தெரியாது. விசிறிக்கு நேர்கீழே நிற்காதீர்கள். வேறு இடமே இல்லையென்றால் அணைத்துவிட்டு ஒரு டேபிள் ஃபேனை வையுங்கள். அதைச் சுழல விடாமல் ஒரே பக்கம் வீசும்படி நிறுத்தினால் இரட்டை லாபம்: முகத்தில் காற்று பட்டால் குமட்டல் குறையும், எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோம் என்பதும் தோலுக்குத் தெரியும்.

நடுவில் ஒரு வழுக்காத கால்மிதியைப் போட்டு அதன் மேல் நில்லுங்கள். கால் தரையைத் தொட்டதும் இடம் விலகிவிட்டது என்று புரியும். கோரைப்பாய் இதற்கு ஆகாது; மொசைக் தரையில் வழுக்கிக்கொண்டு போகும்.

ஹெட்செட் தன் முகப்பில் இருக்கும் கேமராக்களால் அறையைப் பார்த்துத்தான் தன் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. அதனால் வெளிச்சம் வேண்டும். புத்தகம் படிக்கிற அளவு வெளிச்சம் சரியாக இருக்கும். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் ஆடினால் காட்சி மிதக்கும், ‘டிராக்கிங் லாஸ்ட்’ என்று வரும். வெள்ளையடித்த வெறும் சுவர் நான்கு பக்கமும் இருந்தாலும் அது தடுமாறும். ஒரு காலண்டர் தொங்கினாலே உதவும். பீரோ கண்ணாடி அதைக் குழப்பும், மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடுங்கள். கொலு, கார்த்திகை, கிறிஸ்துமஸ் சமயத்துச் சீரியல் பல்புகளும் வம்புதான். கன்ட்ரோலரில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகள் மின்னுகின்றன. அவற்றை வைத்துத்தான் ஹெட்செட் உங்கள் கையைக் கண்டுபிடிக்கிறது. சீரியல் பல்புகளையும் அந்தப் புள்ளிகள் என்று எண்ணிவிட்டால் கை அறையின் மூலைக்குப் பறந்துவிடும்.

வெளிநாட்டுச் செட்டில் மட்டும் வரும் தொல்லை ஒன்று உண்டு. செட்டிங்ஸில் டிராக்கிங் ஃப்ரீக்வென்சி என்ற தேர்வைப் பாருங்கள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். அமெரிக்காவும் கனடாவும் 60. விளக்குகளின் துடிப்பும் அதற்கேற்ப மாறும். உரிமையாளர் அங்கே இருந்தபோது 60 என்று கையால் வைத்திருந்தால், டியூப் லைட் வெளிச்சத்தில் இங்கே டிராக்கிங் நடுங்கலாம். ஆட்டோ அல்லது 50 என்று மாற்றி, திருப்பிக் கொடுக்கும்போது அவரிடம் சொல்லிவிடுங்கள்.

எல்லைக்கோடு வரைவது சுலபம். ஹெட்செட் முதலில் தரையின் மட்டத்தைக் காட்டும்; அது தவறாகத் தெரிந்தால் கன்ட்ரோலரைத் தரையில் தொட்டுக் காட்டுங்கள். பிறகு கன்ட்ரோலரில் சுட்டுவிரல் படும் டிரிகர் பட்டனைப் பிடித்துக்கொண்டு சுற்றிக் கோடு போடுங்கள். குவெஸ்ட் 3 தானாகவே அறையை அளந்து ஒரு கோடு போட்டுத் தரும், ஆனால் அதை அப்படியே ஏற்காதீர்கள். சுவரில் இருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி வரையுங்கள். வேகமாக வீசும் கை எச்சரிக்கை வந்த பிறகும் ஒரு முழமாவது போகும். அந்த ஒரு முழத்தில்தான் டிவி இருக்கும்.

முகத்தில் பொருத்துவது

‘படம் மங்கலாக இருக்கிறது, இது பழசாகிவிட்டது போல’ என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் ஹெட்செட்டைச் சரியாகப் போடவில்லை. இதற்குப் பத்து நிமிடம் செலவழிக்கலாம், தப்பில்லை.

முதலில் நெற்றியைக் கவனியுங்கள். விபூதி, குங்குமம், சந்தனம், முகப்பவுடர், தலைக்கு வைத்த எண்ணெய் எல்லாம் அந்தப் பஞ்சில் ஒட்டும். பஞ்சில் ஏறிய குங்குமக் கறை போகவே போகாது. முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டுப் போடுங்கள். சிலிக்கான் உறை இருந்தால் அதை மாட்டிக்கொள்ளுங்கள். குவெஸ்ட் 2இன் முகப்பஞ்சு சிலருக்குத் தோல் எரிச்சல் தந்ததால் 2021 ஜூலையில் அந்தப் பஞ்சைத் திரும்பப் பெறுவதாக அறிவித்து, சிலிக்கான் உறையை இலவசமாகக் கொடுத்தார்கள். உரிமையாளரிடம் அது பெட்டியோடு கிடக்கலாம், கேட்டுப் பாருங்கள். வீட்டில் யாருக்காவது மெட்ராஸ் ஐ வந்திருந்தால் அந்த வாரம் ஹெட்செட்டைத் தொடவே வேண்டாம். அது ஒரு கண்ணில் இருந்து இன்னொரு கண்ணுக்கு நேர்வழி.

பட்டைகளை எல்லாம் தளர்த்துங்கள். முகப்பை முகத்தில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் பின்பட்டையைத் தலைக்குப் பின்னால் இறக்குங்கள். கண்ணாடி போட்டவர்களுக்கு இந்த வரிசை முக்கியம். பின்பக்கத்தை முதலில் மாட்டி முகப்பை இழுத்து இறக்கினால் கண்ணாடிக் கால் வளையும். கழற்றும்போதும் முகப்பை நேராக முன்னால் இழுத்துவிட்டுத்தான் மேலே தூக்க வேண்டும். ஃப்ரேம் அகலம் 142 மில்லிமீட்டர், உயரம் 50 மில்லிமீட்டர் வரை என்பது குவெஸ்ட் 2க்குச் சொல்லப்பட்ட கணக்கு. பெரிய ஃப்ரேமைத் திணிக்காதீர்கள். கண்ணாடி லென்ஸும் ஹெட்செட் லென்ஸும் உரசினால் கீறல் விழுவது பெரும்பாலும் ஹெட்செட்டில்தான், ஏனென்றால் அது மெத்தென்ற பிளாஸ்டிக்.

பின்பட்டை, பின்மண்டையில் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்துக்குக் கீழே உட்கார வேண்டும். கைவைத்துத் தடவினால் அந்த மேடு தெரியும். கொண்டை போட்டிருந்தால் அதைப் பட்டையின் இடைவெளியில் வெளியே எடுத்துவிடுங்கள்; பூவையும் கிளிப்பையும் முன்பே எடுத்துவிடுவது நல்லது. இப்போது பக்கப் பட்டையை இறுக்குங்கள், ஆனால் கொஞ்சமாக. பிறகு உச்சிப் பட்டை. இந்த உச்சிப் பட்டைதான் அரைக் கிலோ எடையைத் தாங்க வேண்டியது. மூன்று மாடலும் 500 கிராமுக்குச் சற்று மேலே. கன்னத்து எலும்பு வலித்தால் உச்சிப் பட்டை தளர்ந்து எடை கீழே தொங்குகிறது என்று அர்த்தம். நெற்றி வலித்தால் பக்கப் பட்டை அதிக இறுக்கம். புதிதாகப் போடுபவர் எல்லோரும் பக்கப் பட்டையைத்தான் இறுக்கிக்கொண்டே போகிறார்கள், கழற்றும்போது முகத்தில் நீச்சல் கண்ணாடித் தழும்பு மாதிரி வட்டம்.

இனி மங்கல். ஏதாவது எழுத்தைப் பார்த்தபடி ஹெட்செட்டை இரு கையாலும் பிடித்து மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். ஓர் இடத்தில் எழுத்து பளிச்சென்று வரும். பட்டையை அங்கே நிறுத்துங்கள். குவெஸ்ட் 2லும் 3எஸ்ஸிலும் ஃப்ரெனெல் என்ற வகை லென்ஸ் என்பதால் அந்தப் பளிச்சிடம் சிறியது, விரற்கடை நகர்ந்தாலே மங்கும். குவெஸ்ட் 3இல் பான்கேக் என்ற வேறு வகை லென்ஸ். ஓரம் வரை தெளிவாக இருக்கும்.

அடுத்து இரு கண்பாவைகளுக்கு நடுவே உள்ள தூரம். மூக்குக்கண்ணாடிச் சீட்டில் PD என்று எழுதியிருப்பார்களே, அந்த எண். இல்லையென்றால் கண்ணாடி முன் நின்று, மில்லிமீட்டர் ஸ்கேலைப் புருவத்தில் வைத்துப் பக்கத்தில் இருப்பவரை அளக்கச் சொல்லுங்கள். குவெஸ்ட் 2, 3எஸ் இரண்டிலும் லென்ஸைக் கையால் பிடித்து நகர்த்த மூன்று நிலைகள்: 58, 63, 68 மில்லிமீட்டர். 61க்குக் குறைவானவர்கள் முதல் நிலை, 61 முதல் 66 வரை இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது. இரண்டு லென்ஸையும் சேர்த்து ஒரே சமயத்தில் நகர்த்துங்கள். ஒன்றை மட்டும் தள்ளினால் பாதியில் நிற்கும். குவெஸ்ட் 3இல் அடிப்பக்கம் ஒரு சக்கரம் இருக்கிறது, திருப்பினால் போதும். வீட்டில் ஆளுக்கு ஆள் இது மாறும். அப்பாவுக்கு வைத்ததை அப்படியே மகள் போட்டால் அரை மணியில் தலைவலி.

ஈரக்காற்று ஊர்களில் போட்டவுடன் லென்ஸில் ஆவி படியும். ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த லென்ஸ், சூடான முகம்; வேறு காரணம் இல்லை. ஹெட்செட்டை இயக்கி ஐந்து நிமிடம் வைத்தால் உள்ளே சூடாகி ஆவி விலகும். துடைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் நடுவில் இருந்து வெளிப்பக்கமாகச் சுற்றித் துடையுங்கள். சட்டை முனை, முந்தானை, கொலோன், சானிடைசர், கண்ணாடிக் கடை ஸ்ப்ரே எதுவும் லென்ஸில் கூடாது. திரவம் பட்டால் மேற்பூச்சு உரியும்.

முதல் அரை மணி நேரம்

வைஃபையைச் சேர்த்ததும் அப்டேட் ஓட ஆரம்பிக்கலாம். சார்ஜரில் போட்டு விட்டுவிடுங்கள். போன் ஹாட்ஸ்பாட்டிலும் வேலை நடக்கும், ஆனால் டேட்டாவைச் சாப்பிட்டுவிடும்.

கன்ட்ரோலரின் கயிற்றை மணிக்கட்டில் போட்டு இறுக்காமல் ஆடவே கூடாது. சுட்டுவிரல் டிரிகரில், நடுவிரல் பக்கவாட்டுப் பட்டனில். வலது கன்ட்ரோலரில் மெட்டா சின்னம் போட்ட பட்டன்தான் எல்லாவற்றுக்கும் வீடு. ஒருமுறை தட்டினால் மெனு, நீளமாகப் பிடித்தால் காட்சி உங்கள் முகத்துக்கு நேராக வந்து நிற்கும். திரை கோணலாகத் தெரிகிறது, முதுகுப் பக்கம் போய்விட்டது என்ற புகார்களுக்கெல்லாம் அந்த நீள அழுத்தமே மருந்து. ஹெட்செட்டின் பக்கத்தில் விரலால் இரண்டு தட்டு தட்டினால் வெளியறை தெரியும். யாராவது காபி கொண்டுவந்தால் கழற்ற வேண்டாம்.

எதில் ஆரம்பிப்பது? குவெஸ்ட் 2இல் ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ், 3லும் 3எஸ்ஸிலும் ஃபர்ஸ்ட் என்கவுன்டர்ஸ். இரண்டும் இலவசம், நின்ற இடத்தில் ஆடலாம், கையைப் பயன்படுத்தச் சொல்லித் தரும். அத்தை, தாத்தா என்று வீட்டுக்கு வந்தவர்களுக்கு யூடியூபில் ரோலர்கோஸ்டர் போட்டுக் காட்டும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அதைவிட மோசமான தொடக்கம் கிடையாது. கண் ‘விழுகிறோம்’ என்கிறது, உள்காது ‘நாற்காலியில்தான் இருக்கிறோம்’ என்கிறது; இந்தச் சண்டையில் வயிறு புரளும். அதன் பிறகு அவர்கள் ஹெட்செட்டைத் திரும்பியே பார்க்க மாட்டார்கள்.

கடையில் ஒவ்வொரு ஆப்பிலும் கம்ஃபர்டபிள், மாடரேட், இன்டென்ஸ் என்று ஒரு குறிப்பு இருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் கம்ஃபர்டபிள் மட்டும். நடந்து போகும் ஆட்டத்தில் டெலிபோர்ட், ஸ்னாப் டர்ன் என்ற தேர்வுகளை இயக்கிக்கொள்ளுங்கள். வழுக்கிக்கொண்டு நகர்வதற்கும் திரும்புவதற்கும் பதில் தாவித் தாவிப் போகலாம், திரும்பலாம். முதல் நாள் பதினைந்து நிமிடம் போதும். கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுவது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, இவைதான் முன்னறிவிப்பு. வந்த விநாடியே கழற்றுங்கள். ‘கொஞ்சம் பொறுத்தால் பழகிவிடும்’ என்று தொடர்ந்தால் பழகாது, அன்று இரவு வரை தலை சுற்றும். தெளிவாகும்வரை வண்டி ஓட்டாதீர்கள்.

யாருக்குத் தரக் கூடாது என்பதிலும் கறாராக இருங்கள். பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். பத்து முதல் பன்னிரண்டு வரை பெற்றோர் நிர்வகிக்கும் கணக்கில் மட்டும் என்பது நிறுவனத்தின் விதி. வலிப்பு வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. பேஸ்மேக்கர், காதுக்கருவி வைத்திருப்பவர்களுக்கும் எச்சரிக்கை உண்டு. உள்ளே இருக்கும் காந்தமும் ரேடியோ அலையும் அவற்றைக் குழப்பக்கூடும்.

பெரியவர்களுக்குப் போட்டுவிடும்போது நாற்காலியில் உட்காரவைத்து, ஹெட்செட்டை முழுதாகப் பொருத்திய பிறகு கன்ட்ரோலரைக் கையில் கொடுங்கள். அவர்கள் பார்ப்பது உங்களுக்குத் தெரிந்தால்தான் வழி சொல்ல முடியும், அதற்குத்தான் காஸ்டிங். போனில் மெட்டா ஹொரைசன் ஆப்பைப் போட்டு, ஹெட்செட்டில் இருக்கும் அதே கணக்கில் நுழைந்து, இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் படம் போனில் வரும். படம் விட்டு விட்டு வந்தால் ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு மாற்றுங்கள். காஸ்டிங் ஓடினால் பேட்டரியும் வேகமாக இறங்கும். முழு சார்ஜுக்கு இரண்டு முதல் மூன்று மணி நேரம்தான்.

கோளாறு போலத் தெரிபவை

திரை கருப்பாகவே நின்றால் பவர் பட்டனைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். அணைந்து மறுபடி எழும். பாதிப் பிரச்சினைகள் இதிலேயே தீரும். கன்ட்ரோலர் அசையவில்லையென்றால் செல்லை எடுத்து மறுபடி போடுங்கள். குவெஸ்ட் 2இல் பேட்டரி மூடி இறுக்கிப் பிடிக்கும்போது வழுக்கித் திறந்துகொள்ளும், அதையும் பாருங்கள். கை நடுங்கினால் முகப்புக் கேமராக்களில் விரல்ரேகை படிந்திருக்கிறதா என்று பார்த்து உலர்துணியால் துடையுங்கள்.

இரவு நூறு சதவீதம் வைத்துப் படுத்தோம், காலையில் செத்துக் கிடக்கிறது என்றால், குவெஸ்ட் 2, 3 இரண்டிலும் காரணம் இரு லென்ஸுக்கு நடுவில் இருக்கும் சிறு சென்சார். முகம் இருக்கிறதா என்று அதுதான் பார்க்கிறது. துணியோ பட்டையோ அதை மறைத்தால் யாரோ போட்டிருப்பதாக நினைத்துத் தூங்காமலே விழித்திருக்கும். வைக்கும் முன் பவர் பட்டனைப் பிடித்து முழுதாக அணையுங்கள். வெயிலுக்காகத் துணி மூடுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

திருப்பிக் கொடுக்கும் முன்

உங்கள் கணக்கை ஹெட்செட்டில் இருந்து நீக்குங்கள்; அதோடு உங்கள் சேமிப்புகளும் போய்விடும். அவர் கணக்கிலேயே ஆடியிருந்தால் நீங்கள் எடுத்த ஸ்கிரீன்ஷாட், வீடியோ, பிரவுசரில் நுழைந்த உங்கள் மின்னஞ்சல் எல்லாவற்றையும் தேடி அழியுங்கள். வைஃபை பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயரை ‘ஃபர்கெட்’ செய்யுங்கள். இடத்துக்காக அவருடைய ஆட்டம் எதையாவது நீக்கியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் திரும்ப இறக்கிக்கொள்வார், ஆனால் சேமிப்பு கிளவுடில் இல்லையென்றால் அது போனது போனதுதான். அதனால் நீக்கும் முன்பே கேட்பது உசிதம்.

முகப்பஞ்சைக் கழற்றி, வாசனையில்லாத கிருமிநாசினி ஈர டிஷ்யூவால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு பையில் போட்டால் இரண்டே நாளில் நாறும். கன்ட்ரோலரில் இருந்து செல்லை எடுத்துவிடுங்கள், இரண்டு புதிய செல்லைப் பிரிக்காமல் கூட வையுங்கள். அவர் லென்ஸ் எந்த நிலையில் இருந்தது என்று வாங்கும்போதே குறித்து வைத்திருந்தால் அதே நிலைக்குத் தள்ளிவையுங்கள். ஸ்பேசர் இன்னும் உள்ளேயே மாட்டியிருக்கும். அவர் கண்ணாடி போடாதவர் என்றால் அதைக் கழற்றிப் பெட்டியில் தனியாக வையுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் போட்டுப் பார்த்துவிட்டு, ‘காட்சி குறுகலாகத் தெரிகிறதே, என்ன பண்ணினீங்க?’ என்று அவரிடமிருந்து போன் வரும்.